மிக்கோலாவுக்கு நான் கதைச்ச ரஷ்யன்

உடுப்பு அறைக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளையளுக்கு,

சலவை மெஷினைப் பற்றி நான் ஒண்டும் எழுதப் போறதில்லை. சேறு எப்பிடிப் போக்கிறது, வெள்ளை ஜேர்சியில சிவப்புச் சாயம் ஏறாமல் எப்பிடிப் பாக்கிறது, இதெல்லாம் ரெண்டு கிழமையில கைக்கு வந்திடும். வராட்டி ஆட்டக்காரர் திட்டித் திட்டி வரப்பண்ணுவினம். இந்தத் தென் லண்டன் கிளப்பில இருபது வருஷம் உடுப்புக்காரனா இருந்து ஓய்வெடுத்த நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது வாயைப் பற்றித்தான். அதை எப்ப திறக்கிறது, எப்ப மூடுறது. அதில நான் விட்ட பிழையள் கனக்க. ஒரே ஒரு ஆளோட விட்டதுகளை மட்டும் எழுதுறன்.

உங்கள் மூண்டு பேரில ரெண்டு பேர் எங்கட ஆக்கள் எண்டு கேள்விப்பட்டுத்தான் தமிழில எழுதுறன். மற்றவருக்கு நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ. சொல்லேக்க கவனம். மொழிபெயர்ப்பு எவ்வளவு ஆபத்தான வேலை எண்டு கீழ வருகுது.

நான் மன்னாரான். பெயர் அந்தோனி, கிளப்பில டோனி. லண்டனுக்கு நேர வந்தவன் இல்லை. தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில, ஆக்களைக் களவா வெளிநாட்டுக்கு ஏத்திற ஏஜென்ட் ஒருத்தன் எங்களை மொஸ்கோவில இறக்கி, அங்கயிருந்து கீயெவ்வுக்குக் கொண்டுபோய், ரெண்டு அறை வீடு ஒண்டுக்குள்ள பதினொரு பேரைப் போட்டுப் பூட்டினவன். "நாளைக்கு ஜேர்மனி" எண்டான். அந்த நாளைக்கு வர எட்டு மாதம் எடுத்தது. பிறகு ஜேர்மனியில ஒன்பது வருஷம் ஹோட்டல் சலவையில நிண்டு, அந்த நாட்டுப் பாஸ்போட்டோட தென் லண்டனில மிச்சம் எண்ட ஊருக்கு வந்து சேர்ந்தன். கிளப்பில உடுப்புத் தோய்க்க ஆள் தேவை எண்டு உள்ளூர்ப் பேப்பரில பாத்துப் போனன். கால்பந்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்லை. "கொதிதண்ணியில நைலோனைப் போட்டா என்னாகும்?" எண்டு கேட்டினம். சொன்னன். வேலை கிடைச்சுது.

எங்கட கிளப் சின்னது. சம்பளத்துக்கு ஆடுற கால்பந்தில ஆகக் கடைசிப் படி, அந்தப் படியிலயும் ஆக ஓரத்தில தொங்கிக்கொண்டு நிண்ட கிளப். ட்ராமில போறவை ஜன்னலால பாத்திட்டு, இது எந்தப் பள்ளிக்கூடத்து மைதானம் எண்டு கேட்பினம்.

இரண்டாயிரங்களின்ர நடுவில ஒரு ஜனவரிக் காலமை, ஆறடி நாலங்குல உயரத்தில ஒருத்தன் என்ர அறை வாசலைக் குனிஞ்சு தாண்டி உள்ள வந்தான். அதுதான் மிக்கோலா. உக்ரேன்காரன், வயது இருபத்தேழு. பின்வரிசையில நடுவில நிண்டு தடுக்கிறது அவன்ர தொழில். எத்தினை கிளப்பில ஆடினனி எண்டு ஆரும் கேட்டால் விரல் விட்டு எண்ணத் தொடங்குவான், ஆறாவது விரலில நிண்டு யோசிப்பான். உக்ரேனில கீழ்மட்ட அணியள் மூண்டோ நாலோ, பிறகு லித்துவேனியாவில ரெண்டு. அங்க கலியாணம் கட்டி, மனிசியின்ர பாஸ்போட்டில லண்டனில வேலை செய்ய அனுமதி எடுத்தவன். வந்து சேர்ந்த இடம் குரொய்டனில ஒரு கட்டட வேலைத்தளம். சுவர்ப் பலகை சுமந்தான். அங்க மேற்பார்வை பாத்த ஆள் எங்கட அணியின்ர விசிறி. அந்த ஆள் சொல்லித்தான் மனேஜர் ஒருக்கா ஆடிக் காட்டக் கூப்பிட்டவர்.

மனேஜர் ஸ்கொட்லாந்துக்காரர். அவர் கதைக்கிற இங்கிலீஷ் இங்கிலீஷ்காரருக்கே பாதிதான் விளங்கும். ஆட்டம் தொடங்க முதல் உடுப்பு மாத்துற அறையில நிண்டு, "இவனுக்கு நாலு சொல்லுத்தான் இங்கிலீஷ் தெரியும். ஆருக்காவது ரஷ்யன் தெரியுமோ?" எண்டு கேட்டார்.

எல்லாரும் சிரிச்சினம். நான் கையை உயர்த்தினன்.

ஏன் உயர்த்தினன் எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன். மூண்டு வருஷமா அந்த அறையில என்னட்ட கேட்ட கேள்வி ஒண்டே ஒண்டுதான். "டோனி, என்ர சொக்ஸ் எங்க?" அண்டைக்குத்தான் முதல் தரம் சொக்ஸ் இல்லாத ஒரு கேள்வி. வேற காரணம் ஒண்டும் இல்லை.

என்ர ரஷ்யன் எவ்வளவு எண்டு சொல்லவேணும். கீயெவ் வீட்டுக்கு ஏஜென்டின்ர ஆள் ஒருத்தன் ரெண்டு நாளைக்கு ஒருக்கா பாண் ரொட்டியும் முட்டைக்கோவாவும் கொண்டு வருவான். அவன்தான் எங்களுக்கு வாத்தியார். அவன் படிப்பிச்சது இவ்வளவும்தான்: சத்தம் போடாதே. ஜன்னலடிக்குப் போகாதே. ஆர் கூப்பிட்டாலும் வெளியில போகாதே. பொலிஸ். படு. கெதியா, உடனே. நல்லது. பாண். நாளைக்கு.

மனேஜர் பலகையில கோடு கீறிக் கீறிப் பத்து நிமிஷம் விளங்கப்படுத்தினார். பின்வரிசை நேரா நிக்கவேணும், எதிரணிக்காரன் பின்னுக்கு இறங்கி ஆசை காட்டினால் இவன் அவனுக்குப் பின்னால இழுபட்டுப் போகக்கூடாது, இன்னும் என்னென்னவோ. முடிச்சிட்டு என்னைப் பாத்தார். இருபது பேரும் என்னைப் பாத்தினம்.

நான் மிக்கோலாவைப் பாத்து, நல்ல சத்தமா ரஷ்யனில சொன்னன்: "வீட்டை விட்டு வெளியில போகாதே. ஆர் கூப்பிட்டாலும் போகாதே. சத்தம் போடாதே. நான் சொன்னால், கெதியா."

அதுக்கு மேல சொல்லு இல்லை. ஆனா மனேஜர் பத்து நிமிஷம் கதைச்சதுக்கு இது கட்டையாப் போச்சுது எண்டு பட்டது. அதால, "நாளைக்குப் பாண்" எண்டதையும் சேர்த்தன்.

மிக்கோலா என்னை உத்துப் பாத்தான். முகத்தில ஒண்டும் அசையேல்லை. பிறகு மெதுவாத் தலையை ஆட்டினான். "நல்லா விளங்கியிட்டுது" எண்டு மனேஜர் என்ர முதுகில தட்டினார்.

நம்பமாட்டியள், அவன் அண்டைக்கு ஆடின ஆட்டம் அப்பிடி. தன்ர இடத்தை விட்டு ஒரு அடி வெளியில வரேல்லை. எதிர்ப்பக்கத்தான் இறங்கி இறங்கி ஆசை காட்டினான், இவன் திரும்பியும் பாக்கேல்லை. மனேஜருக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா ஒரு குறை. நடுவில நிண்டு தடுக்கிறவன் கத்தவேணும். "என்ர பந்து", "விடு", "பின்னால ஆள்" எண்டு தொண்டை கிழியக் கத்தினாத்தான் மற்றவைக்குக் கண் தெரியும். இவன் வாயே திறக்கேல்லை. நாற்பதாவது நிமிஷம் உயரத்தில வந்த ஒரு பந்துக்கு இவனும் எங்கட கோல்காப்பாளரும் ஒண்டாப் பாய்ஞ்சு மோதினதில, கோல்காப்பாளர்ர கட்டுப்பல்லு புல்லுக்குள்ள விழுந்திட்டுது. நாங்கள் நாலு பேர் முழங்காலில நிண்டு தேடினம்.

இடைவேளையில மனேஜர் அவனைப் பிடிச்சார். "நீ ஏன் ஊமை மாதிரி நிக்கிறாய்?"

மிக்கோலா தன்ர நாலு சொல்லு இங்கிலீஷை எடுத்தான். "டோனி சொன்னது. சத்தம் இல்லை."

அறை முழுக்க என்ர பக்கம் திரும்பிச்சுது.

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?" எண்டார் மனேஜர்.

"உங்கட ஸ்கொட்லாந்து இங்கிலீஷ் எனக்கு வடிவா விளங்கேல்லை" எண்டு நான் சொன்னன். அவர் நம்பினார். எல்லாரும் அவருக்குச் சொல்லுறது அதுதானே.

ஆட்டம் முடிய மிக்கோலா என்ர அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "ரஷ்யன் எங்க படிச்சனி?"

"கீயெவ்வில. பூட்டின வீட்டுக்குள்ள." கையாலயும் காலாலயும் கதையைச் சொன்னன். அவன் சிரிச்சுச் சிரிச்சு அழுக்குடுப்புக் கூடையில இருந்தான். கூடை உடைஞ்சுது.

"நீ கடத்தல்காரன் மாதிரிக் கதைக்கிறாய்" எண்டான்.

"படிப்பிச்சவன் அதுதான்."

பிறகு கண்ணைத் துடைச்சிட்டு, மெதுவா, எனக்கு விளங்கக்கூடிய சொல்லுகளாத் தேடித் தேடிச் சொன்னான். "ஒண்டு தெரிஞ்சுகொள். இது என்ர பாஷை இல்லை. நான் கதைக்கிறது உக்ரேனியன். ரஷ்யனும் தெரியும். ஆனா அது என்ர இல்லை."

எட்டு மாதம் அவன்ர நாட்டில இருந்தவன் நான். அந்த நாட்டுக்குச் சொந்தமா ஒரு பாஷை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. ஜன்னலடிக்கே போகாத எனக்கு எப்பிடித் தெரியும்? மன்னாரில ஒருத்தன் என்னட்ட வந்து சிங்களத்தில சுகம் விசாரிச்சிட்டு, நான் சந்தோஷப்படுவன் எண்டு காத்துக்கொண்டு நிண்டால் எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான் நான் நிண்டிருக்கிறன். மன்னிப்புக் கேட்டன்.

"பரவாயில்லை. நாளைக்குப் பாண் கொண்டு வா" எண்டான்.

அவனுக்கு ஒரு மாத ஒப்பந்தம் கிடைச்சுது. எனக்கு "மொழிபெயர்ப்பாளர்" எண்ட பட்டமும் கிடைச்சுது. பிள்ளையள், தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லி நான் தப்பினது மிக்கோலா கெட்டிக்காரன் எண்டதால. கால்பந்து எந்த நாட்டிலயும் ஒண்டுதான், பலகையில கீறின கோட்டைப் பாத்தே அவன் எல்லாம் விளங்கியிருந்தவன். சத்தம் போடாதே எண்டதை மட்டும், இங்க இப்பிடித்தான் போல எண்டு நினைச்சிட்டான்.

அடுத்தது சப்பாத்து.

அதுக்கு முதல், ஆட்டக்காரரின்ர காயம் பாக்கிற எங்கட பிசியோவைப் பற்றிச் சொல்லவேணும். அவள் என்னை விடப் பதினேழு வயது இளமை. இந்தத் தொழிலில உனக்குக் குரு ஆர் எண்டு ஆரும் கேட்டால் அவளைத்தான் சொல்லுவன். பெயர் எழுதக்கூடாது எண்டு கண்டிப்பாச் சொல்லிப்போட்டாள், அதால பிசியோ எண்டே எழுதுறன். ஆறு அடி ஆம்பிளையள் அவளைக் கண்டால் நொண்டுறதை நிப்பாட்டுவினம்.

மாசி மாதம், வடக்கில ஒரு ஊருக்கு ஆட்டம். பஸ்ஸில அஞ்சு மணித்தியாலம். லண்டனைத் தாண்டி ஒரு மணித்தியாலம் போயிருக்கும், சான்ட்விச்சைக் கடிச்ச வாய் கடிச்சபடி நிண்டிட்டுது. என்ர கண்ணுக்கு முன்னால மிக்கோலாவின்ர சப்பாத்து ரெண்டும் வந்து நிண்டுது. பன்ரெண்டாம் அளவு. எங்கட அறையில, ஹீட்டர் குழாய்க்கு மேல, காயப்போட்ட இடத்தில.

என்ன செய்தன் எண்டு கேளுங்கோ. ஒண்டும் செய்யேல்லை. நாலு மணித்தியாலம் பேசாமல் இருந்தன். ஒருவேளை எடுத்து வச்சனோ எண்டு நினைச்சன். பனி கொட்டி ஆட்டம் நிக்கட்டும் எண்டு வேண்டினன். தொலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர் என்ர பெயர்க்கார அந்தோனியார்தானே, அவரையும் கும்பிட்டன். ஆனா சாமான் தொலையேல்லை. எங்க இருக்கெண்டு எனக்கு வடிவாத் தெரியும். அதால அவராலயும் ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சுது.

மைதானத்தில பெட்டியைத் திறந்தன். இல்லை. ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம். அந்த ஊரில தேடிப் பாத்தம், பன்ரெண்டாம் அளவில ஒண்டும் இல்லை. மாத்துக் கோல்காப்பாளரிட்ட இருந்தது பதினொண்டு.

மனேஜர் உள்ள வந்து, மிக்கோலா வேற ஆளின்ர சப்பாத்துக்குள்ள காலைத் திணிக்கிறதைக் கண்டிட்டார். "என்ன இது?"

நான் வாயைத் திறக்க முதல் மிக்கோலா சொன்னான்: "நான் டோனிட்ட கேட்டது. வேற சப்பாத்து. பாக்க ஆசை."

தொண்ணூறு நிமிஷமும் அந்தச் சப்பாத்தோட ஆடினான். சமநிலை. முடிஞ்சாப் பிறகு பிசியோ அவன்ர காலைத் துடைக்கேக்க ரெண்டு பெருவிரல் நகமும் கறுத்து எழும்பி நிண்டுது. "இந்தச் சப்பாத்தைத் தெரிஞ்செடுத்தது ஆர்?" எண்டு நிமிராமலே கேட்டாள்.

"நான்" எண்டான் மிக்கோலா.

அவள் நிமிர்ந்து என்னைத்தான் பாத்தாள்.

திரும்பி வரேக்க பஸ்ஸில எனக்குப் பக்கத்தில வந்து இருந்தாள். "எப்ப தெரியும், டோனி?"

"லண்டன் தாண்டின கையோட."

"அப்பவே சொல்லியிருந்தா, வழியில ஒரு பெரிய பட்டணத்தில நிப்பாட்டி வாங்கியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. பிழை எல்லாரும் விடுறது. முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள சொன்னால் அது பிழை. அதுக்குப் பிறகு அது பொய். உன்ர பொய்யை இண்டைக்கு அவன் தன்ர காலில போட்டுக்கொண்டு ஓடினவன்."

இதை விட நல்ல பாடம் என்னட்ட இல்லை. எழுதிச் சுவரில ஒட்டுங்கோ.

அதுக்குப் பிறகு மிக்கோலாவும் நானும் கூட்டாளியள். மாதா மாதம் அவன்ர ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே வந்தினம். பின்வரிசையில நிண்டு கத்தவும் பழகியிட்டான். கத்தினது அரைவாசி தமிழ். "ஓம் ஓம்", "வாறன் வாறன்", "விடடா". எதிரணிக்காரருக்கு எந்த நாட்டுப் பாஷை எண்டு விளங்காமல் தலை சுத்தும். பயிற்சி முடிய எங்கட வீட்டில வந்து மனிசி சமைச்ச மீன்குழம்பைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிடுவான். "காரமோ?" எண்டு கேட்டால் "இல்லை, சந்தோஷம்" எண்டுவான். அவனுக்கும் என்னைப் போலப் பொய் சொல்ல வரும். அவன்ர பொய் மற்றவைக்கு உதவியா இருக்கும், அதுதான் வித்தியாசம்.

கடைசி ஆட்டம் வந்தது. பருவத்தின்ர கடைசிச் சனிக்கிழமை, எங்கட மைதானம். தோத்தால் கிளப் கீழ போகும். கீழ போனால் அரைச் சம்பளம், அரை வேலை, சிலருக்கு வேலையே இல்லை. மிக்கோலாவுக்கு மனேஜர் சொல்லியிருந்தது: மேல நிண்டால் ரெண்டு வருஷ ஒப்பந்தம். அவன்ர மனிசிக்கு ஏழாம் மாதம்.

எழுபதாவது நிமிஷம். ஒண்டுக்குப் பூச்சியம், நாங்கள் முன்னுக்கு. மாத்தக்கூடிய மூண்டு ஆக்களையும் மனேஜர் மாத்தி முடிச்சிட்டார். உயரத்தில ஒரு பந்து. மிக்கோலாவும் எதிரணிக்காரனும் ஒண்டா எழும்பினவை. தலையும் தலையும் மோதின சத்தம் எனக்கு வெளியில கேட்டது. எதிரணிக்காரன் எழும்பியிட்டான். மிக்கோலா எழும்பேல்லை.

பிசியோ ஓடினாள். சின்னக் கிளப்தானே, ரெண்டாவது பையைத் தூக்குறது நான், நானும் ஓடினன். கிட்டப் போகேக்க அவன் எழும்பி இருந்திட்டான். "ஓகே, ஓகே" எண்டான். எத்தினைக்கு எத்தினை எண்டு பிசியோ கேட்டாள். "ஒண்டு பூச்சியம்" எண்டான், சரியா. எந்த அணியோட ஆடுறாய்? சரியாச் சொன்னான். ஆனா அவள்ர முகம் தெளியேல்லை.

"டோனி, அவன்ர பாஷையில கேள். கண் எப்பிடித் தெரியுது எண்டு."

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லு தெரியாது. என்ர கண்ணைத் தொட்டுக் காட்டி, "நல்லதோ?" எண்டு மட்டும் ரஷ்யனில கேட்டன்.

மிக்கோலா என்ர கையைப் பிடிச்சான். எனக்குத் தெரிஞ்ச, இந்த மாதங்களில அவனிட்டயே நான் பொறுக்கின சொல்லுகளாத் தெரிஞ்செடுத்து, அவ்வளவு கவனமா, ரகசியமாச் சொன்னான். "ரெண்டு டோனி தெரியுது. சத்தம் போடாதே. அவளுக்கு, நல்லது எண்டு சொல்லு."

அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கினது. அந்த மைதானத்தில நாலாயிரம் பேர் இருந்திருப்பினம், விளங்கினது எனக்கு மட்டும்தான். நடுவர் மணிக்கூட்டைப் பாக்கிறார். கோட்டுக்கு வெளியில மனேஜர், "சரியோ? அவன் சரியோ?" எண்டு குளறுறார். ரெண்டு நகம் கழண்டு விழுந்த காலோட எனக்காகப் பொய் சொன்னவன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான். ஒரே ஒரு சொல்லுத்தான் கேட்கிறான்.

இப்ப உங்களுக்குச் சட்டம் இருக்கு. தலையில அடிபட்டால் மேலதிகமா ஒராளை இறக்க விடுகினம். அந்த நாளில அது இல்லை. அவன் போனால் நாங்கள் பத்துப் பேர்.

நான் துணிஞ்சவன் எண்டு நினைக்காதேங்கோ. நல்லது எண்டுதான் சொல்லப் போனன். பிசியோவின்ர முகத்தைப் பாத்தன். வேற வார்த்தை வந்திட்டுது.

"அவனுக்கு ரெண்டு பேர் தெரியுது."

அவள் அந்தக் கணமே கையைத் தூக்கி வெளியில எண்டு காட்டினாள். மிக்கோலா என்ர கையை உதறினான். உக்ரேனியனில கத்தினான், அவன்ர சொந்தப் பாஷையில. ஒரு சொல்லும் விளங்கேல்லை, எல்லாம் விளங்கினது. நடக்கமாட்டன் எண்டு நிண்டவனை ரெண்டு பேர் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போச்சினம். போற வழியில கோட்டுக்குப் பக்கத்தில வயித்தில கிடந்ததைச் சத்தி எடுத்தான்.

பத்துப் பேரோட இருபது நிமிஷம். எண்பத்தோராவது நிமிஷம் ஒரு கோல் வாங்கினம். எண்பத்தெட்டில இன்னொண்டு. கிளப் கீழ போச்சுது.

அம்புலன்ஸில அவனோட போனது நான். மொழிபெயர்ப்பாளரெல்லோ. ஆஸ்பத்திரியில என்னை ஒருத்தரும் நம்பேல்லை, நல்ல காலம். தொலைபேசியில உண்மையான மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடிச்சினம். மரியாதையான ஒரு பெண் குரல். டொக்டர் படத்தைப் பாத்திட்டு, மூளைக்கு வெளிப்பக்கத்தில சின்ன இரத்தக்கசிவு, இன்னொரு அடி பட்டிருந்தால் கதை வேற, ஆறு மாதத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது எண்டார். அந்தக் குரல் அதை அவன்ர பாஷையில சொன்னது. மிக்கோலா சுவரைப் பாத்தபடி ஏதோ திருப்பிச் சொன்னான். குரல் திருத்தமான இங்கிலீஷில வந்தது: "இந்த மனிதரை அறையை விட்டு வெளியேறும்படி நோயாளி கேட்டுக்கொள்கிறார். இவர் ஒரு காட்டிக்கொடுப்பவர் என்றும் நோயாளி கூறுகிறார்."

அவ்வளவு அழகான மொழிபெயர்ப்பை நான் வாழ்க்கையில கேட்டதில்லை. ஒண்டும் கூட்டேல்லை, ஒண்டும் குறைக்கேல்லை. எழும்பி வெளியில போனன். தாழ்வாரத்தில அவன்ர மனிசி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தவ, நான் ஆரெண்டு தெரியாமல் என்னைத் தாண்டிப் போட்டா.

மனேஜரை வேலையால நிப்பாட்டியிட்டினம். மிக்கோலாவின்ர ஒப்பந்தம் அதோட சரி. எனக்கு வேலை மூண்டு நாளாச் சுருங்கினது, பிசியோவுக்கும் அப்பிடித்தான். என்ர அறைக் கதவில ஒரு பகிடிக்காரன் கடதாசி ஒட்டினான்: "மொழிபெயர்ப்பு நிலையம். மூடப்பட்டுள்ளது." நான் அதைக் கிழிக்கேல்லை. பதினொரு பேரோட நிண்டிருந்தாலும் தோத்திருப்பமோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நித்திரை வராத நாளில நான் யோசிக்கிறது அது இல்லை. "நல்லது" எண்ட சொல்லு என்ர நாக்கு நுனி வரைக்கும் வந்து நிண்டதைத்தான் யோசிப்பன்.

மிக்கோலாவுக்கு ரெண்டு தரம் தொலைபேசி எடுத்தன். எடுக்கேல்லை. மகள் பிறந்தது, திரும்பப் பலகை சுமக்கிறது, பிறகு லண்டனுக்கு வெளியில ஒரு கிளப்பில ஆடத் தொடங்கினது எல்லாம் பிசியோ சொல்லித்தான் தெரியும். அவளோட அவன் கதைக்கிறவன்.

அந்த நாளில நான் ஒரு காரியம் செய்தன். மிச்சம் ஊரில எங்கட மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு உக்ரேன் தாதி வாறவ. பூசை முடிய, கோப்பி குடிக்கிற பத்து நிமிஷத்தில, அவவிட்ட உக்ரேனியன் படிச்சன். கிழமைக்கு ஒரு வசனம். எனக்கு வயதும் போச்சுது, நாக்கும் வளையேல்லை. "உங்களுக்கு இது எதுக்கு?" எண்டு கேட்டா. "ஒரு கேள்வி கேட்கவேணும்" எண்டன்.

ரெண்டு வருஷம் கழிச்சு, எதிரணிப் பட்டியலில அவன்ர பெயர். எங்கட மைதானத்துக்கே வந்தான். சுரங்கவழியில நான் தண்ணிப் போத்திலோட நிண்டன். என்னைப் பாக்காமல் தாண்டிப் போனான்.

ரெண்டாம் பாதி, இன்னும் ஒருத்தரும் கோல் போடேல்லை. எங்கட முன்னாட்டக்காரனும் அவன்ர அணிக்காரன் ஒருத்தனும் தலையில முட்டினவை. எங்கட ஆள் உடனே எழும்பி, நல்ல சுத்த இங்கிலீஷில, "ஒண்டும் இல்லை, நான் சரி" எண்டு பிசியோவுக்குக் கையைக் காட்டினான். நடுவர் ஆட்டத்தை விட்டார். பந்து மிக்கோலாவின்ர காலில. எங்கட பக்கம் திறந்து கிடந்தது. அவன்ர ஆக்கள் மூண்டு பேர் ஓடுகினம், தடுக்க எங்கட ஆக்கள் ரெண்டே பேர். ஒரு உதை உதைச்சால் கோல்.

மிக்கோலா எங்கட முன்னாட்டக்காரனைப் பாத்தான். அந்த ஆள் பந்தைப் பாக்காமல், தள்ளாடித் தள்ளாடித் தன்ர சொந்தக் கோல் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

மிக்கோலா பந்தைத் தூக்கி வெளியில அடிச்சான், கூரைக்கு மேலால, ட்ராம் பாதைப் பக்கம். அடிச்சிட்டுக் கத்தினான். "சரி இல்லை! இந்த ஆள் சரி இல்லை! பாருங்கோ!" அவன்ர மனேஜர் தலையில கையை வச்சுக்கொண்டு துள்ளுறார். அவன்ர அணிக்காரரே அவனைத் திட்டுகினம். அவன் அசையேல்லை. பிசியோ வந்து எங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியில போகும் வரைக்கும் பக்கத்தில நிண்டான்.

திரும்பித் தன்ர இடத்துக்குப் போகேக்க கோட்டு ஓரமா என்னைத் தாண்டினான். நிக்கேல்லை. ரஷ்யனில, எனக்கு விளங்கிற மாதிரி, "ரெண்டு பேர் இப்ப. நீயும் நானும்" எண்டிட்டுப் போனான். காட்டிக்கொடுக்கிறவை எண்டது சொல்லாமலே எனக்கு விளங்கினது.

ஆட்டம் முடிய நான் அழுக்குடுப்பு எண்ணிக்கொண்டிருக்கேக்க கதவு திறந்தது. குனிஞ்சு உள்ள வந்தான். ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தினன். அவன் மன்னிப்பு ஒண்டும் கேட்கேல்லை, நானும் கேட்கேல்லை. மகளின்ர படத்தைக் காட்டினான். பாத்தன்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில பாடம் ஒப்புவிக்கிறவன் மாதிரி எழும்பி நிண்டு, உக்ரேனியனில கேட்டன்: "உனக்குத் தலை எப்பிடி இருக்கு? கண் வடிவாத் தெரியுதோ?"

மிக்கோலா கோப்பையைக் கீழ வச்சான். நான் சொன்னதில கடைசிச் சொல்லின்ர முடிவு பிழை எண்டு திருத்தினான். திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னன். இன்னொருக்கா சொல்லச் சொன்னான். மூண்டாந்தரம் சரியா வந்தது.

அதுக்குப் பிறகுதான் பதில் சொன்னான்.